இரண்டாவது உலையை அணைத்துப் பாருங்கள்

உங்கள் காலத்தில் ஒரு புதுக் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான கெர்னல் அதனிடம் மரியாதையாக விசாரிக்கிறது. உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கிறது. கார்டு பதில் சொல்கிறது. கெர்னல் காலியான இடம் பார்த்து, இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை உன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குடித்தனம் வைத்தாகிவிடுகிறது. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

எங்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. கார்டில் சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைத்து, உன் முகவரி இது என்று நாங்களே சொல்ல வேண்டும். பிறகு அதே முகவரிகளை கெர்னலுக்குள் ஓர் அட்டவணையாக எழுத வேண்டும். அதை நாங்கள் கெர்னல் என்று சொன்னதில்லை, மானிட்டர் என்போம்; திரையை அல்ல, அந்த நிரலை. எல்லாக் கார்டுகளும் ஒரே கம்பிக் கற்றையில் தொங்கும். அதற்குப் பெயர்தான் பஸ். நான் பஸ்ஸில் வேலை செய்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, எந்த ரூட் என்று கேட்டாள் அம்மா. கம்ப்யூட்டர் ஒரு முகவரியைக் கூப்பிடும். அந்த முகவரிக்குரிய கார்டு தன் எண்ணை அந்தக் கம்பிகளில் வைக்கும். அவ்வளவுதான் சங்கதி. புத்தகத்தில் படித்தால் ஒரு பக்கம்கூட வராது.

அந்த ஒரு பக்கத்துக்காக ஒரு மனிதரின் வேலை போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டுக்கு எட்டு, பதினாறுக்குப் பதினாறு என்று கணக்குப் போடுவதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுபதுகளின் பின்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு அச்சுத் தண்டு செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அப்பாவைப் போலவே நானும் ஒரு தொழிற்சாலைச் சங்குக்கு ஓடும்படி ஆனேன். வித்தியாசம் என்னவென்றால், எனக்கு ஏர்கண்டிஷன் அறை கிடைத்தது. எனக்காக வைக்கவில்லை, கம்ப்யூட்டருக்காக வைத்தார்கள். அது சூடு தாங்காது. நாங்கள் தாங்குவோமா என்று யாரும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் நாலைந்து பேர் இருந்தோம். தலைவர் ஒருவர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நாங்கள் அவரை சார் என்போம், பெயர் சொல்ல மாட்டேன். கெட்டிக்காரர், முன்கோபி. மேஜையில் பென்சில்கள் உயர வரிசையில் இருக்க வேண்டும். அட்டவணையிலும் அப்படித்தான், நடுவில் ஒரு முகவரிகூட வீணாகக் காலியாக இருக்கக் கூடாது. அடுக்கிவைத்தால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பார்.

கம்ப்யூட்டரின் வேலை உலையைப் பார்த்துக்கொள்வது. அச்சுத் தண்டுகளை மின்சார உலைக்குள் அடுக்கி, குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுபோய், குறிப்பிட்ட நேரம் அந்தச் சூட்டில் ஊறவைத்து, பிறகு வெளியே இழுத்து எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். அப்போதுதான் இரும்பு கடினமாகும். சூடு இருபது டிகிரி குறைந்தாலும், ஊறும் நேரத்துக்கு முன்னால் இழுத்துவிட்டாலும், தண்டில் அங்கங்கே மென்மையான இடம் நின்றுவிடும். பார்வைக்குத் தெரியாது. பாரம் ஏற்றிய லாரி ஒரு மேட்டில் ஏறும்போது தெரியும். உலைக்குள்ளிருந்து வரும் சூட்டை ஒரு கார்டு எண்ணாக மாற்றிக் கொடுக்கும். மானிட்டர் அதைப் படித்து, குறைவாக இருந்தால் மின்சாரத்தை விடும், கூடினால் நிறுத்தும். சராசரி எடுத்து, டெலிடைப் என்ற தட்டச்சு மிஷினில் அச்சடிக்கவும் செய்யும். கம்ப்யூட்டர் வந்த பெருமையில், உலையின் பக்கத்தில் சுவரில் இருந்த பழைய முள் மீட்டரைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள்.

முதல் உலையைக் கவனித்துக்கொண்டவர் ஏகாம்பரம். குத்தம்பாக்கத்துக்காரர். அப்பா அம்மா கடைசிவரை பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர்தான் அந்த வீட்டிலிருந்து தொழிற்சாலைக் கதவுக்குள் நுழைந்த முதல் ஆள். சைக்கிளில் வருவார், வந்ததும் எங்கள் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டரின் சிவப்பு விளக்குகள் மினுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஆயுத பூஜைக்கு நாங்கள் அசந்த நேரத்தில் உள்ளே புகுந்து, கேபினட் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார். காற்று போகும் ஓட்டையில் விபூதி. சார் குதித்தார். ஏகாம்பரம் அசரவில்லை.

"இன்னா சார் கோச்சிக்கிறீங்க. மன்சன் பொய் சொல்லுவான், மிசின் சொல்லுமா? அதுக்கு ஒரு பொட்டு வச்சா தப்பா?"

அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு உலை வந்தது. அதற்கு இன்னொரு கார்டு வேண்டும். முதல் கார்டு வெளிநாட்டிலிருந்து மிஷினோடு வந்தது. இரண்டாவதை வரவழைக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் இங்கேயே ஒரு சிறிய கம்பெனியிடம் அதே மாதிரி செய்து வாங்கினோம். சார் கைப்புத்தகத்தைத் திறந்தார். இந்தக் கார்டுக்கு எட்டு முகவரி என்று போட்டிருந்தது. முதல் கார்டின் எட்டு முடியும் இடத்தில் இரண்டாவது கார்டின் எட்டைத் தொடங்கினார். ஒட்டினாற்போல, அழகாக. சோதித்துப் பார்த்தோம். முதல் உலையை ஏற்றிப் பார்த்தோம், சரி. அதை அணைத்துவிட்டு இரண்டாவதை ஏற்றிப் பார்த்தோம், அதுவும் சரி. கையெழுத்துப் போட்டோம்.

இரண்டையும் ஒன்றாக ஏற்றிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லாவிட்டால் அம்பத்தூரில் உலை எரியாது. மின்வெட்டு. கம்பெனிக்குக் கிடைத்த மின்சாரத்தில் ஓர் உலைதான் எரிக்கலாம். ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அது. ஓர் உலை வேலை செய்யாதபோது, சூட்டை அளக்கும் கருவியும் அடங்கிய அதன் பேனலை அணைத்துவிடுவார்கள், அதன் கார்டு வெறும் பூஜ்யத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. ஒரு தண்டுகூடக் கெடவில்லை. கம்ப்யூட்டருக்கு நல்ல பெயர்.

மழை பெய்தது. அணை நிறைந்தது. மின்வெட்டைத் தளர்த்தினார்கள். எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி இரண்டு உலையையும் ஒன்றாக ஏற்றினார்கள். முதல் உலையில் கனமான தண்டுகள், அதிகச் சூடு. இரண்டாவதில் வேறு இரும்பு, கொஞ்சம் குறைந்த சூடு. அந்த வாரத்திலேயே சோதனைப் பிரிவிலிருந்து சேதி வந்தது. முதல் உலைத் தண்டுகளில் மென்மையான இடங்கள். அடுத்த லோடும் அப்படியே. அதற்கடுத்ததும்.

டெலிடைப் தாளை எடுத்துப் பார்த்தார்கள். சூடு எவ்வளவு இருக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. இரண்டாவது உலையில் அதே கம்ப்யூட்டர், அதே நிரல், அங்கே எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் மிச்சம் யார்? அந்த லோடுகளை இழுத்தவர். ஏகாம்பரம். ஊறவைக்கும் நேரத்துக்கு முன்னால் லோடை இழுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். நிறைய வேலை தேங்கிக்கிடந்த நேரம். எண்ணிக்கை காட்டுவதற்காக அவசரப்பட்டிருக்கிறான் என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மூன்று ஷிப்டிலும் அதே பேச்சு. உள் விசாரணைக்கு நாள் குறித்து, அதுவரை அவரை உலைப் பக்கம் போகக் கூடாது என்று ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் இழுத்த லோடுகளைச் சோதனைப் பிரிவு இன்னும் தொடவில்லை, அங்கேயும் வேலை அவ்வளவு தேங்கியிருந்தது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம். வேலை போனால் வேறு வேலை என்கிற தலைமுறை நீங்கள். அன்றைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து கவனக்குறைவு என்று வெளியே அனுப்பப்பட்டவனை இன்னொரு கம்பெனி கேட் அருகில்கூட நிற்க விடாது. ஏகாம்பரத்துக்குத் திரும்பிப் போகிற இடம் பிறர் நிலம்தான்.

ஸ்டோருக்குப் போகும் வழியில் ஒரு நாள் என்னை நிறுத்தினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மேடம், நான் முன்னாடியே லோடை இஸ்துடல. நேரம் ஆனப்புறந்தான் கதவைத் தொறந்தேன். எங்க கொயந்தைங்க மேல சத்தியம்."

"சரி, அதை விசாரணையில சொல்லுங்க."

"சொல்லுவேன். ஆனா மிசின் நல்ல சூடுன்னு அடிச்சிருக்குதே மேடம். அது எப்புடி?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் அல்ல. அவரை நம்பினால் என் மிஷினை நம்ப முடியாது, மிஷினை நம்பினால் அவரை நம்ப முடியாது என்கிற அந்த இக்கட்டின் மேல். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் ஒர்க்ஸ் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. சாரிடம் சொன்னார், "நாளைக்கு நீங்க வந்து ஒரே ஒரு விஷயம் சொன்னா போதும். கம்ப்யூட்டர் அச்சடிச்சது சரின்னு. அஞ்சு நிமிஷ வேலை." சார் தலையாட்டினார். அவருக்கும் அதில் அக்கறை இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பணத்தைக் கொட்டியது தண்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த டைரக்டர்கள் இருந்தார்கள். மிஷின் தப்பு என்று ஒரு பேச்சு கிளம்பினால் எங்கள் பிரிவையே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். எனக்கும் அது தெரியும்.

அவர்கள் போன பிறகு நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது சராசரி. சராசரி ஆழம் முழங்கால் என்று நம்பிப் பருத்திப்பட்டு ஏரியில் இறங்க முடியுமா? சராசரி எடுப்பதற்கு முன்னால் வருகிற எண்ணை நாங்கள் யாருமே உட்கார்ந்து பார்த்ததில்லை. விசாரணை நாள் காலையில் சராசரி எடுக்கும் பகுதியைத் தாண்டிப் போகும்படி நிரலை மாற்றிவிட்டு, முதல் உலையின் எண்ணை வந்தது வந்தபடி டெலிடைப்பில் அடிக்கவிட்டேன்.

எண்ணூற்று முப்பதை ஒட்டி வந்துகொண்டிருந்தது. திடீரென்று எண்ணூற்று அறுபதுக்கு மேல் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. மறுபடி எண்ணூற்று முப்பது. மறுபடி அறுபத்தைந்து. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்கூட இல்லை. நாற்பது இல்லை, ஐம்பது இல்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட எண்ணூற்று ஐம்பது. தாளில் இருந்த எண் அதுதான், இருக்க வேண்டிய சூடும் அதுதான்.

உலை நிறைய இரும்பு இருக்கிறது. அது முப்பதிலிருந்து அறுபதுக்குப் போக வேண்டுமென்றால் நாற்பதையும் ஐம்பதையும் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இரும்பு தாண்டிக் குதிக்காது.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "ஒயர் எங்கேயோ லூஸ். இறுக்கிப் பாரு" என்றார். நியாயமான பேச்சு, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இறுக்கினேன், தட்டினேன், ஆட்டினேன். குதிப்பது நிற்கவில்லை. அதற்குள் அவரை விசாரணைக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. "வந்து பார்க்கிறேன்" என்று போய்விட்டார்.

நான் டெலிடைப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் குதிப்பது நின்றுவிட்டது. எண் முப்பதில் இறங்கி, அங்கிருந்து ஒவ்வொன்றாக, சாதுவாக ஏறத் தொடங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அங்கே இரண்டாவது உலைக்காரர் லோடை இழுக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். கதவு திறக்கும்போது பேனலை அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். வேலை முடிந்து பேனலைப் போட்டார். டெலிடைப் மறுபடி குதித்தது.

முதல் உலையின் எண்ணுக்குள் இரண்டாவது உலை இருக்கிறது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். என்னிடம் அப்போது நிரூபணம் இல்லை. ஒரு தடவை பார்த்தது தற்செயலாக இருக்கலாம். இன்னும் நாலு தடவை பார்த்து, காரணத்தையும் கண்டுபிடித்து, எழுதி எடுத்துக்கொண்டு போவதுதான் நல்ல இன்ஜினியருக்கு அழகு. ஆனால் மாடியில் ஒரு மனிதரின் விதியை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்த பிறகு நிரூபணத்தோடு போய் என்ன பயன்? பாதி தெரிந்தபோதே வாயைத் திறக்க வேண்டிய நேரங்கள் உண்டு. பாதிதான் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். படியேறி ஓடினேன்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோது மேனேஜரும், சங்கத்து ஆள் ஒருவரும், சாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். அவர் பேசிக்கொண்டிருந்ததன் கடைசி வார்த்தைகள் என் காதில் விழுந்தன.

"ஆமா சார். நாந்தான் இஸ்துட்டேன். நேரத்துக்கு முன்னாடியே இஸ்துட்டேன்."

குழந்தைகள் மேல் சத்தியம் செய்த மனிதர்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் முடிந்ததே என்றிருந்தது போல. சார் பக்கம் திரும்பி, "நீங்களும் சொல்லிடுங்க. அச்சடிச்சது சரிதானே?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "சார், சொல்லாதீங்க. கீழே ஒண்ணு பார்த்தேன். முழுசாத் தெரியலை. ஆனா ரெண்டாவது உலையை அணைச்சா முதல் உலையோட நம்பர் மாறுது."

சார் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கார்டு, ஒட்டினாற்போல் எழுதிய அட்டவணை, எழுதியது அவர் கை. மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, அவனே ஒத்துக்கிட்டான். இனிமே என்னத்தைப் பார்க்கப்போறீங்க?"

சார் எழுந்தார். எழுந்தபோதுகூட நாற்காலியை நேராக இழுத்துவைத்தார்.

"அவர் சொன்னது அவருக்கும் உங்களுக்கும் நடுவுல. என்னைக் கேட்டது என் மிஷினைப் பத்தி. பார்க்காம நான் சொல்லமாட்டேன். நீங்களும் வாங்க."

முன்கோபி என்று சொன்னேன் அல்லவா. அன்று குரல் உயரவேயில்லை.

எல்லோரும் இறங்கினோம். ஏகாம்பரமும் பின்னால் வந்தார், யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மேனேஜரை டெலிடைப்பின் முன்னால் நிறுத்திவிட்டு சார் உலைக்குப் போய், இரண்டாவது உலையின் பேனலைத் தன் கையாலேயே அணைத்தார். எண் விழுந்தது. போட்டார், குதித்தது. அணைத்தார், விழுந்தது. மேனேஜர் இரும்பு தெரிந்தவர், எண்ணூற்று முப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. "அப்போ இந்தத் தண்டெல்லாம் இத்தனை நாளா இந்தச் சூட்டிலேதான் வெந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு இரண்டாவது உலையை நிறுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுத்தோம். கைப்புத்தகத்துப் படத்தையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். படத்தில் சிப் இருந்த ஓர் இடத்தில் இங்கே ஒரு சின்னக் கம்பி போட்டு இணைத்திருந்தார்கள். சிப் கிடைக்காத காலம். அது இல்லாமலும் கார்டு வேலை செய்யும் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். வேலை செய்யவும் செய்தது. என்ன, கூப்பிடுகிற முகவரியில் ஓர் எழுத்தை அது பார்ப்பதில்லை. அதனால் எட்டுக்குப் பதில் பதினாறு முகவரிக்கும் ஏன் என்று கேட்கும். தன் எட்டுக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் எட்டுக்கும். முதல் கார்டு அப்படிச் செய்யாது, அதனால்தான் இரண்டாவது உலையின் எண் கெடவில்லை.

குவார்ட்டர்ஸில் பால்காரர் கீழே நின்று "மணி அம்மா" என்று கூப்பிட்டால் இரண்டு மாடியிலிருந்து இரண்டு தலை எட்டிப்பார்க்கும். பால்காரருக்கு எது யார் என்று தெரியும். பஸ்ஸுக்குத் தெரியாது. எண்கள் அந்தக் கம்பிகளில் ஒன்று, பூஜ்யம் என்றுதான் போகும்; இரண்டு கார்டு ஒரே நேரத்தில் பதில் வைத்தால், ஒவ்வொரு கம்பியிலும் யாராவது ஒருவர் ஒன்று என்றால் அது ஒன்றுதான். இருவரின் எண்ணும் கலந்து ஒரு புது எண் வரும். அது இரண்டில் எதையும்விடக் குறையாது; சில நேரம் அப்படியே நிற்கும், இரண்டாவது உலையின் சூடு சற்று மாறியதும் சட்டென்று கூடிவிடும். இரண்டாவது உலை அணைந்திருந்தால் பூஜ்யம்தான் கலக்கும், ஒன்றும் கெடாது. மேட்டூர் வறண்டிருந்தவரை எங்கள் அட்டவணை சரியாக இருந்தது.

சார் மேனேஜரிடம் போனார். நானும் கூட இருந்தேன். "கார்டு செஞ்சவங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது. அட்டவணை நான் எழுதினது. கார்டு எத்தனை முகவரிக்குப் பதில் சொல்லுதுன்னு கார்டைக் கேட்டிருக்கணும். புத்தகத்தைக் கேட்டு எழுதிட்டேன். விசாரணையில இதை எழுதிக்குங்க." கம்பெனி எங்கள் பிரிவை மூடவில்லை. ஆனால் சாருக்கு அந்த வருடம் வரவேண்டிய பதவி வரவில்லை. நான் அவரிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு வழக்கம் வந்தது. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். புதுக் கார்டைப் போட்டதும், அதன் முகவரிகளைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது போதாது. யாரும் இருக்கக் கூடாத முகவரிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே மௌனம்தான் இருக்க வேண்டும். பதில் வந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இப்போது கார்டு தானாகவே தன் அளவைச் சொல்கிறது என்பீர்கள். அன்றும் புத்தகம் தானாகவே சொல்லிற்று. இன்னொன்று, தனித்தனியாகச் சரியாக இருப்பவை சேர்ந்தபோது சரியாக இருக்கும் என்று எந்தச் சோதனையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மின்சாரம் இல்லை, அதனால் சேர்த்துப் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாலே போதும். மழை பெய்த அன்று யாராவது அதை நினைத்திருப்பார்கள்.

சார் இரண்டாவது கார்டைத் தள்ளி, நடுவில் நிறைய இடம் விட்டு, வேறு முகவரிக்கு மாற்றினார். மானிட்டர் நிரலைப் புதிதாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அட்டவணை பார்க்க அசிங்கமாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது.

ஏகாம்பரம் முதல் உலைக்குத் திரும்பினார். ஆனால் கண்ணாடி ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் கேன்டீனில் எதிரில் அகப்பட்டார். டீ டம்ளரோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கிட்ட சத்தியம் பண்ணீங்க, இழுக்கலைன்னு. அங்கே போய் ஏன் ஒத்துக்கிட்டீங்க? பயந்துட்டீங்களா? இல்லே, சங்கத்துல யாராவது ஒத்துக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. பயமும் கீது, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காவ சொல்லல மேடம்."

"பின்னே?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத்தினி பேரும் இஸ்துட்டே, இஸ்துட்டேன்னு சொல்லிகினே இருந்தாங்க. மிசினும் அதையேதான் சொல்லுதுன்னாங்க. ஊட்டுக்குப் போனா எங்க ஊட்டுக்காரியும் நல்லா ரோசிச்சுப் பாருய்யான்றா. ரோசிச்சேன் மேடம். ரோசிக்க ரோசிக்க ஞாபகம் வந்துடுச்சி. கதவைத் தொறக்கறேன். சூடு மூஞ்சில அடிக்குது. கடியாரத்தைப் பாக்கறேன், இன்னும் நேரம் கீது. பரவாயில்லன்னு இஸ்துடறேன். அப்புடியே கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. பொய் சொல்லலை மேடம். எனக்கு ஞாபகம் இருந்ததத்தான் சொன்னேன்."

"அது நடக்கவே இல்லைன்னு இப்ப தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சுபோச்சு." தலையாட்டினார். "ஆனா ஞாபகம் போவலியே. இப்ப கேட்டாலும் கீது. சார் அந்தக் கார்டைப் புடுங்கி வேற எடத்துல வச்சிட்டாரு. இத்த நான் எங்க மேடம் வக்கிறது?"

சங்கு ஊதியது. அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உலைக்குப் போனார்.